காரின் உலோக டிரிம்களுக்கு நிலைத்து நிற்கும் கறுப்புப் பூச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டச் சாலைகளில் ஓடும் வண்டிகளைச் சற்று நின்று கவனித்தால், கண்ணாடியோரப் பட்டை, வைப்பர் கை, ரோல் பார், பம்பர் முனை ஆகியவற்றுக்கு அடித்த கறுப்பு செதில் செதிலாக உரிந்து கிடப்பதைக் காணலாம். பெரும்பாலோர் சாயம் மட்டம் என்றுதான் சொல்வார்கள். ஆனால், அந்தச் சாயம் எந்த உலோகத்தின்மேல் அடிக்கப்பட்டது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. இரும்புக்குப் பொருந்தும் எல்லாக் கறுப்பும் அலுமினியத்துக்குப் பொருந்திவிடாது. குரோம் முலாம் பூசிய பாகத்துக்கோ இரண்டுமே நேரடியாக ஒட்டாது. ஆகவே, ஹார்ட்வேர் கடையில் ஸ்பிரே டின்னைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உலோகம் எது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு காந்தமும், மின்வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டரும் போதும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு என்று பலரும் அத்துடன் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். கார் டிரிம்களில் அதிகம் பயன்படும் 430 வகைத் துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும். பாகத்தின் பின்புறத்திலும் திருகுத் துளைகளின் ஓரத்திலும் பாருங்கள்: பழுப்பு நிறத் துரு இருந்தால் சாதாரண இரும்பு, பல வருட மழைக்குப் பிறகும் பின்புறம் வெளிறாமல் பளிச்சென்று இருந்தால் துருப்பிடிக்காத எஃகாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காந்தம் ஒட்டாமல், கைக்கு இலேசாக இருப்பது பெரும்பாலும் அலுமினியம். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் மேற்பரப்பில் அழுத்தாமல் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மின்சாரம் பாயவில்லை என்றால் அதன்மேல் அனோடைஸ் படலமோ (மின்சாரத்தால் அலுமினியத்தின்மேல் வளர்க்கும் காப்புப் படலம்) தெளிவான வார்னிஷோ உள்ளது என்று பொருள். காந்தம் ஒட்டாமல் அளவுக்கு மீறிக் கனமாக இருப்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. பழைய கார்களின் கதவுக் கைப்பிடிகள் பல இந்த வகைதான். நகத்தால் தட்டும்போது மொட்டைச் சத்தம் கேட்டு, தொட்டால் குளிர்ச்சியே தெரியாவிட்டால், அது குரோம் பூசிய பிளாஸ்டிக். அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். சூளைக்குள் போகும் எந்தப் பூச்சும் அதற்கு ஆகாது.

இரண்டாம் படி: அந்தப் பாகம் எதைத் தாங்க வேண்டும்?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சக்கரத்துக்கு அருகில் உள்ள பாகம் செம்மண் சாலையின் கல்லடியைத் தாங்க வேண்டும். கூரையோரப் பட்டை வெயிலைத் தாங்க வேண்டும். தோட்டப்புறத்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. பிக்கப்பில் உர மூட்டை ஏற்றுபவர்களின் வண்டியில், பூச்சில் விழுந்த ஒரு சிறு கீறல் வழியாக அது இறங்கி, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை உள்ளே தின்னத் தொடங்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் சிந்தினாலோ, அனோடைஸ் செய்த அலுமினியம் கறை பிடித்துவிடும். கார் கழுவும் கடைகளின் காரத்தன்மை மிகுந்த நுரைச் சோப்பும் அனோடைஸ் படலத்துக்குப் பகைதான்.

மூன்றாம் படி: பூச்சைத் தேர்ந்தெடுங்கள்

இரும்புப் பாகத்தைக் கழற்ற முடியுமானால், பவுடர் கோட்டிங்கைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். மின்னூட்டம் ஏற்றிய தூளைப் பாகத்தின்மேல் தெளித்து, ஏறக்குறைய 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பச் சூளையில் வேக வைப்பதால், சாதாரண ஸ்பிரே சாயத்தைவிடத் தடித்த, கல்லடி தாங்கும் படலம் கிடைக்கிறது. பீடோங் போன்ற சிற்றூரில் சூளை வைத்திருப்பவரைக் காண்பது அரிது. சுங்கைப்பட்டாணி பக்கம் தொழிற்பேட்டைகளில் விசாரிக்கலாம். கேட் போடும் கடைக்காரரிடம் கேட்டாலும் வழி சொல்லுவார். கொடுக்கும்போது மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். பழைய துருவை மணல் வீச்சால் நீக்குவார்களா? அடியில் துருத் தடுப்புப் பிரைமர் தூள், அதாவது அடிப்பூச்சுத் தூள், வருமா? மேலே வரும் தூள் பாலியெஸ்டரா, எபோக்சியா? எபோக்சித் தூள் பிடிமானத்தில் சிறந்தது என்றாலும், வெயில் பட்டால் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டும். ஆகவே வெளிப்பாகத்தின் மேல் பூச்சு பாலியெஸ்டராகவே இருக்க வேண்டும்.

இதில் கூர்மையான ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எந்தப் பூச்சும் உருகும்போதோ காயும்போதோ கூரான விளிம்பிலிருந்து விலகி மெலிந்துவிடும். துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். பாகத்தைக் கொடுப்பதற்கு முன், விளிம்பை அரத்தால் சற்று மழுக்கிவிட்டால், செலவில்லாமல் பூச்சின் ஆயுள் கூடும். துத்தநாக வார்ப்பைச் சூளையில் வைத்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிக் கொப்புளம் எழலாம் என்பதால், அதைப் பூச்சு போடுவதற்கு முன்பே வெறுமையாகச் சூடேற்றி எடுக்கத் தெரிந்த கடையிடம் மட்டுமே கொடுங்கள்.

அலுமினியத்துக்குக் கறுப்பு அனோடைஸ் அழகானது. அது உலோகத்திலிருந்தே வளரும் படலமாதலால் உரியாது. ஆனால் சாயமேற்றிய கறுப்பு தரமாக இல்லாவிட்டால், வெயிலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறும். வெள்ளீய உப்பு வழியே மின்சாரத்தால் நிறமேற்றிய கறுப்பு வெயிலை நன்றாகத் தாங்கும். சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு அலுமினியம் ஒரே சீரான கறுப்பாக வராது. ஒன்றிரண்டு பட்டைகளுக்காக இந்த வேலையை ஏற்கும் கடையைத் தேடி அலைவதைவிட, அலுமினியத்துக்கும் பவுடர் கோட்டிங்கோ நல்ல சாயமோ போடுவதே நம் ஊருக்கு நடைமுறை.

கறுப்பு ஆக்சைடு என்று விற்கப்படும் முறையை வெளிப்பாகங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அது இரும்பின்மேல் உண்டாகும் மிக மெல்லிய மேக்னடைட் படலம். எண்ணெய் பூசி வைத்தால்தான் துருவைத் தள்ளிப்போடும். வடக்கே அடிக்கும் மழைக்கு எண்ணெய் எத்தனை நாள் நிற்கும்?

குரோம் பூசிய கண்ணாடியோரப் பட்டையைக் கழற்றவே மனமில்லை என்றால், வினைல் என்னும் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டலாம். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்பதே அதன் நன்மை. விலை சற்றுக் கூடினாலும் காஸ்ட் வகை வினைலையே கேளுங்கள். மலிவான காலண்டர் வகை வெயிலில் சுருங்கி ஓரம் தூக்கும்.

நான்காம் படி: வீட்டில் ஸ்பிரே அடிப்பதானால்

தொடக்கநிலையில் உள்ளவர் கையாலேயே செய்யக்கூடியது இதுதான். கெடுவதும் இதில்தான் அதிகம். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கொழுப்பு நீக்கும் திரவத்தாலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலோ துடையுங்கள். ஒரு துணியால் ஈரப்படுத்தி, அது ஆவியாவதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. டயர் பளபளப்புத் திரவத்தில் உள்ள சிலிகான் சிறிதளவு மிஞ்சினாலும், சாயம் மீன்கண் போல வட்டக் குழிகளாக விலகும்.

பிறகு 320 எண் உப்புத்தாளால் நீர் விட்டுத் தேயுங்கள். வளைவுகளில் சிவப்பு ஸ்காட்ச் பிரைட் நாரைப் பயன்படுத்துங்கள். குரோமிலும் துருப்பிடிக்காத எஃகிலும் பளபளப்பு முழுதும் மங்கி, சாய்த்துப் பார்த்தால் எங்கும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்வரை விடக்கூடாது. குரோம் ஏற்கெனவே கொப்பளித்து உரிந்துகொண்டிருந்தால், அதன்மேல் எதை அடித்தாலும் குரோமோடு சேர்ந்தே வந்துவிடும். டட்சன் 120ஒய் போன்ற பழைய காரின் பம்பரைப் புதுப்பிக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட முலாமை நீக்கும் வேலையை முலாம் கடையிடமே விடுங்கள். வீட்டுக் கொல்லையில் அமிலத்தோடு விளையாடாதீர்கள்.

தேய்த்து முடிந்ததும் மறுபடி துடைத்து, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். வெறும் இரும்பு நம் ஈரக் காற்றில் ஓரிரவிலேயே துருப்பிடிக்கும். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் எட்ச் பிரைமர், அதாவது அமிலத்தால் உலோகத்தை இலேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு, ஒரு மெல்லிய படலம் போதும். எபோக்சிப் பிரைமர் கிடைத்தால் அது இன்னும் நல்லது. ஆனால் எட்ச் பிரைமரின்மேல் எபோக்சியை அடிக்காதீர்கள். அதிலுள்ள அமிலம் எபோக்சி இறுகுவதைக் கெடுத்துவிடும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். இரவெல்லாம் கார்ப் போர்ச்சில் கிடந்த உலோகம் காலையில் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படியும். உலோகத்தின் வெப்பம் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மேல் 3 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது சாயத் தொழிலில் பொது விதி. ஆகவே, வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மாலை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். கெடாவில் சனவரி, பிப்ரவரி மாதங்களின் வறண்ட நாள்கள் இதற்கு மிகவும் ஏற்றவை.

கறுப்பை 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவில் இருந்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டி, மூன்று மெல்லிய படலங்களாக அடியுங்கள். முதல் படலத்தில் அடிநிறம் தெரிந்தால் தெரியட்டும். முழு மேட் கறுப்பை நான் விரும்புவதில்லை. செம்மண் தூசியும் ஆலைப் புகைக்கரியும் அதன் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டு கழுவ வராது. பாதிப் பளபளப்பு, அதாவது சாட்டின், கண்ணுக்கும் இதம், கழுவவும் எளிது.

பெட்ரோல் சிந்தினாலும் கரையாத 2கே கிளியர், அதாவது கெட்டிப்பான் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சுதான் மேலுக்குச் சிறந்தது. ஆனால் அதன் கெட்டிப்பானில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. பாகத்தைத் தேய்த்து, பிரைமரும் கறுப்பும் அடித்து முடித்தபின், கிளியருக்கு மட்டும் சாய அறை வைத்திருக்கும் பட்டறையிடம் கொடுப்பது புத்திசாலித்தனம். கறுப்பையும் கிளியரையும் பொருந்தும் வகையில் வாங்க, எந்தச் சாயம் அடிக்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மாட்டிவிடாதீர்கள்; ஒரு வாரமாவது விட்டால்தான் படலம் உள்வரை இறுகும். அலுமினியப் பாகத்தைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகால் மாட்டும்போது நைலான் வாஷர் வைத்து, திருகில் சிறிது கிரீஸ் தடவுங்கள்; இரு உலோகங்களும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம்தான் அரிக்கப்படும். பின்னர் எப்போதாவது கல் பட்டுக் கீறினால், உர மூட்டை ஏற்றுவதற்கு முன்பே அந்த இடத்தைத் துடைத்து, சிறு தூரிகையால் பிரைமரும் கறுப்பும் தொட்டு வையுங்கள்.