நார்தம்பர்லாந்து போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கும் இந்தக் கவுண்ட்டியை (நம் மாவட்டம் போன்றது) ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் தெற்கே இருக்கிறது. லிண்டிஸ்ஃபார்ன் தீவோ வடக்கே கடலோரத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

அடுத்த தவறு உயிருக்கே உலை வைக்கும். லிண்டிஸ்ஃபார்ன் போகும் சாலையைத் தினமும் இருமுறை கடல் மூடிவிடும். கடக்கத் தகுந்த நேரத்தைக் கவுண்ட்டி கவுன்சில் தேதிவாரியாக வெளியிடுகிறது. அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும், ஆகவே போன வாரம் போய்வந்த நண்பர் சொன்ன கணக்கு உதவாது. "தண்ணீர் இன்னும் ஏறலையே, சட்டுன்னு போயிடலாம்" என்று வண்டியை விட்டவர்கள், சாலையோரம் உயரமான கால்களில் நிற்கும் வெள்ளைக் கூண்டுக்குள் ஏறித் தப்பியிருக்கிறார்கள். கார் கடலோடு போய்விடும். தீவைப் பார்த்து முடித்த பிறகு திரும்பும் நேரத்தைத் தேடாதீர்கள். முதலில் அதைக் குறித்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

சுவரைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையை விட்டுவிடுகிறார்கள், அது சுவரை ஒட்டி இல்லை என்பதால். பெரிய இழப்பு. மண்ணுக்குள் மக்காமல் கிடந்த மெல்லிய மர ஏடுகள் அங்கே 1973 முதல் கிடைத்தன. கிளாடியா செவேரா என்ற பெண், தன் பிறந்தநாளுக்கு வரச் சொல்லித் தோழிக்கு எழுதிய அழைப்பும் அவற்றில் ஒன்று. கி.பி. 122இல் சுவர் வேலை தொடங்குவதற்கும் முன்னால் எழுதியது! கடிதத்தை வேறொருவர் எழுத, கடைசி வரிகளை மட்டும் அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். சுவரின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், கற்கள் பெயர்ந்துவிடும்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது நேரம். கிராமத்து பப்களில் பலவற்றில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி சமையல். ஞாயிறு ரோஸ்ட் (ஞாயிறன்று பரிமாறும் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) வேண்டுமென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். கிராஸ்டர் கிராமத்தின் கிப்பரைச் சாப்பிடாமல் வராதீர்கள்: ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, ஓக் மரப் புகையில் தொங்கவிட்டது. நம் கருவாட்டை நினைத்துக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள். இதில் ஈரப்பசை இருக்கும், சதை மிருதுவாக இருக்கும். பொடி முள் நிறைய உண்டு, நிதானமாகச் சாப்பிடுங்கள்.

கிராஸ்டரிலிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டைக்குக் கடலோரமாக சுமார் 2 கிலோமீட்டர் நடை. கார் கோட்டைவரை போகாது. வழியெல்லாம் ஆடு மேயும் புல்வெளி, திறந்த கேட்டை மூடிவிட்டு நடங்கள்.