பல்லுக்குக் காப்புறுதி போதாதபோது வன்னியில் நாம் விடும் பிழைகள்

காப்புறுதி அட்டை பேர்ஸுக்குள் இருப்பதும் அது பல்லுக்குக் காசு தருவதும் ஒன்றல்ல. இலங்கையில் ஆட்கள் எடுத்து வைத்திருக்கும் மருத்துவக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை வாட்டில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. பல் வைத்தியமோ கதிரையில் இருந்து வாயைத் திறந்து, எழும்பி வீட்டுக்கு வரும் வைத்தியம். அதனால் பல ஒப்பந்தங்களில் அது விலக்குப் பட்டியலில் நிற்கும். சேர்த்திருந்தாலும் வெளிநோயாளர் செலவுக்குள் ஒரு சின்ன வருடாந்த உச்சத்தொகையாக, சிலவேளை மூக்குக்கண்ணாடியோடு பங்கு போட்டுக்கொண்டு இருக்கும்.

மிச்சக் காசை எங்கே தேடுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. காசு இல்லாததால் வரும் நட்டத்தைவிட, காரியங்களை வரிசை மாற்றிச் செய்வதால் வரும் நட்டம் பெரிது என்பது என் எண்ணம். முதலில் நகை அடகுக்குப் போகும். பிறகு சிகிச்சை தொடங்கும். எல்லாம் முடிந்த பிறகு பற்றுச்சீட்டோடு காப்புறுதிக்காரரிடம் போவார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு.

அரச ஊழியரின் அக்ரஹார காப்புறுதியாக இருக்கட்டும், நிறுவனம் ஊழியர்களுக்கு எடுத்துக் கொடுத்ததாக இருக்கட்டும், கதிரையில் ஏறும் முன் நன்மைகள் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பல்லுக்கு வருடம் எவ்வளவு, அதில் இதுவரை எவ்வளவு போய்விட்டது, கிரவுன் (பல்லுக்கு மேல் பூட்டும் உறை), பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பிடித்து இடைவெளியை மூடும் பல்), இம்பிளான்ட் (எலும்பில் திருகு போட்டு வைக்கும் பல்), கம்பி கட்டுதல் இவற்றில் எது விலக்கு, முன்அனுமதி வேண்டுமா, சிகிச்சை முடிந்து எத்தனை நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இவ்வளவும் கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஆனால் பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "அன்றைக்கு எடுத்த பிள்ளை ஓம் என்று சொன்னவ" என்பது பிறகு எடுபடாது.

வன்னிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வவுனியாப் பக்கத்துக் கிணற்று நீரில் புளோரைட் கூடிய இடங்கள் பல. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் வரும். கலியாணம் பேசும் வயதில் அதை மறைக்க முன்பற்களுக்கு மேல் தகடு ஒட்டப் போகிறார்கள். காப்புறுதிக்காரரின் கண்ணில் அது அழகுக்கான வேலை, காசு கிடைக்காது. கறை என்பதற்காக மட்டும் செய்வதென்றால் அதைச் சொந்தச் செலவு என்றே கணக்குப் போட்டுத் தொடங்குங்கள்.

விபத்து மட்டும் வேறு கதை. பல்லை விலக்கி வைக்கும் பல ஒப்பந்தங்களே, விபத்தில் உடைந்த பல்லுக்கு இடம் விட்டிருக்கும். கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து முன்பல் இரண்டு உடைந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் பெரிய காயம் இல்லை என்று வைத்தியசாலைக்குப் போகாமல், இரண்டு கிழமை கழித்து நேரே தனியார் கிளினிக்குக்குப் போகிறார். பற்றுச்சீட்டில் "பல் சிகிச்சை" என்று இரண்டே சொல். விழுந்ததற்கு எந்தக் கடதாசியும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வரும். அன்றைக்கே வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு (ஓபிடி) போய், விழுந்து பல் உடைந்தது என்று எழுதிய துண்டை வாங்கி, எக்ஸ்றே எடுத்து, பொலிசில் ஒரு முறைப்பாடும் போட்டிருந்தால் கேட்பதற்கு ஒரு வழி இருந்திருக்கும். இப்போது இல்லை.

அடுத்தது, மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வருவது. மோட்டார் சைக்கிளைக் கராஜில் விட்டால் எந்தச் சாமான், எவ்வளவு என்று கேட்காமல் விடமாட்டோம், பல்லுக்கு மட்டும் "எல்லாமாய் எவ்வளவு டொக்டர்" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம். மதிப்பீட்டைத் தாளில், வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தப் பல், எக்ஸ்றே சேர்ந்ததா, ரூட் கனாலுக்கு (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைக்கும் வேலை) எத்தனை முறை வர வேண்டும், உடைந்த பல்லைக் கட்டியெழுப்பும் வேலை தனியா, கிரவுன் உலோகத்தின் மேல் பீங்கானா அல்லது சிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பொருளா. கிரவுனின் விலை பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான் ஏறி இறங்கும். கடைவாயில், சிரித்தால்கூடத் தெரியாத பல்லுக்கு மிக விலையான கிரவுன் தேவையா என்று வாய்விட்டே கேட்கலாம், நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். இம்பிளான்ட் என்றால் எலும்புக்குள் போடும் திருகு, மேலே பூட்டும் இணைப்பு, பல் என்று மூன்று தனிச் செலவு. விளம்பரத்தில் இருக்கும் விலை முதலாவதற்கு மட்டுமானதாக இருக்கலாம்.

அந்தத் தாள் கையில் வந்த பிறகு, எது இப்போது, எது பிறகு என்று பிரிக்கலாம். சீழும் வீக்கமும் இன்றைக்கு. காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ வாயைத் திறக்கவும் விழுங்கவும் கஷ்டமானாலோ காசுக் கணக்கை விட்டுவிட்டுப் பெரிய வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். ஒரு இடைவெளியில் புதுப் பல் வைப்பது மாதக் கணக்கில் காத்திருக்கக்கூடியது. இம்பிளான்டில் திருகு எலும்போடு ஒட்டிப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். வயல் செய்கிறவர்களுக்கு இது வசதியாகவே அமையும். காலபோக அறுவடை முடிந்த கையோடு திருகு, சிறுபோக நெல் விற்ற காசில் பல். எல்லாக் காசையும் முதல் நாளே கட்டச் சொல்லும் இடத்தில், கட்டம் கட்டமாகத் தரலாமா என்று கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம்.

காப்புறுதி வருடத்தையும் இப்படிப் பிரிக்கலாம். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனாலும் கிரவுனுமாக 80,000 ரூபா, காப்புறுதி பல்லுக்குத் தருவது வருடம் 20,000 என்று வைப்போம் (தொகைகள் கணக்குக்காக மட்டும்). எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடித்தால் 20,000 கிடைக்கும். ஒப்பந்த வருடம் மார்கழியோடு முடிகிறதென்றால், ரூட் கனாலை மார்கழியிலும் கிரவுனைத் தையிலும் செய்து, தனித்தனிப் பற்றுச்சீட்டு எடுத்தால் 40,000 கேட்கலாம். கிரவுன் சேருமா, இரண்டையும் ஒரே சிகிச்சையாகப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆனால் இதை நீட்டக் கூடாது. நரம்பு எடுத்த கடைவாய்ப் பல் கிரவுன் இல்லாமல் வெடித்துப் போனால் ரூட் கனாலுக்குக் கொடுத்த காசும் அதோடு போகும். செய்யாத திகதியை எழுதித் தரச் சொல்லி வைத்தியரை நெருக்கவும் வேண்டாம், அது மோசடி.

இலவச வைத்தியசாலையை மறப்பதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் பல் பிரிவு இருக்கிறது. பல் கழற்றல், அடைத்தல், முரசு சுத்தம் செய்தல் போன்ற வேலைகளுக்கு அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. தனியார் மதிப்பீட்டில் ஐந்து வரி இருந்தால், அதில் இரண்டு மூன்றை இங்கே முடித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் காசு தேடலாம். ரூட் கனால் அங்கே செய்வார்களா, இல்லையென்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையில் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலையில் மாணவர்கள் விரிவுரையாளரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். கண்டி பஸ் ஏ9 வழியே கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று எல்லாம் தொட்டுத்தான் போகிறது. நேரம் எடுக்கும், வரிசை இருக்கும், பலமுறை போகவேண்டி வரும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அந்தப் பயணங்களும் காசுதான், அதையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

கழற்றி எறிந்தால் செலவு முடிந்தது என்று நினைப்பதும் பல நேரம் தவறு. பல் போன இடத்துக்குப் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் நீண்டு வரும், எலும்பும் தேயும். பிறகு பல் வைக்கப் போனால் செலவு கூடும். அதற்காக எல்லாப் பல்லையும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. தொல்லை தரும் ஞானப் பல்லைக் காப்பாற்ற யாரும் நகையை அடகு வைக்கத் தேவையில்லை. பாமசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போட்டு வலி நின்றதும் விட்டுவிடுகிறவர்களுக்கு ஒன்று: பல்லுக்குள் செத்த நரம்பை எந்தக் குளிசையும் எடுக்காது. சில மாதத்தில் அதே பல் கூடின செலவோடு திரும்பி வரும்.

சரி, கடன்தான் வழி என்றால், அரச ஊழியர் முதலில் பார்க்க வேண்டியது இடர் கடன். சம்பளத்தில் மாதாமாதம் கழியும், வட்டி வங்கிக் கடனைவிடக் குறைவு. அடகு வைப்பதானால் அரச வங்கியின் வட்டியையும் மீட்க வேண்டிய திகதியையும் எழுதி வைத்துக்கொண்டு, தேவையான தொகைக்கு மட்டும் வையுங்கள். தாலிக்கொடிக்குக் கூடின தொகை தருகிறார்கள் என்பதற்காக அது முழுவதையும் எடுத்தால் மிச்சம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடனைப் பல்லுக்கு எடுக்கவே வேண்டாம். கோழி வளர்க்க எடுத்த கடனைக் கட்டவே எத்தனை பெண்கள் இங்கே பட்ட பாடு தெரியும். பல் வருமானம் தராது.

வெளிநாட்டில் அண்ணனோ சித்தியோ இருந்தால் மதிப்பீட்டுத் தாளைப் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். கேட்கிறவருக்கும் கூச்சம் குறையும், தருகிறவருக்கும் எதற்கென்று தெரியும். "ரொறன்ரோவில் இதைவிட எவ்வளவோ கூட, இம்பிளான்டே போடு" என்று அவர்கள் சொன்னால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அங்கத்தைய விலையோடு ஒப்பிட்டால் இங்கே எல்லாமே மலிவாகத்தான் தெரியும். கழற்றிப் பூட்டும் கட்டுப்பல்லும் பல்தான், ஒரு வருடம் அதோடு இருந்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மலிவைத் தேடிப் போகும் இடத்தில் இரண்டு பள்ளம். ஒன்று, பதிவில்லாத ஆட்கள். ஒரே நாளில் நிரந்தரப் பல் என்று சொல்லி, பிளாஸ்ரிக் பசையைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். கீழே முரசு அழுகும், பிறகு நல்ல பல்லும் சேர்ந்து ஆடும். பல் வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று கேட்பதில் வெட்கமில்லை. பதிவில்லாதவரின் பற்றுச்சீட்டைக் காப்புறுதியும் ஏற்காது. மற்றது, பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து ஒரே கிழமையில் எல்லாவற்றையும் முடிப்பது. வேலை நன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாம் மாதம் கிரவுன் கழன்றால் டிக்கெட் காசு யார் தருவது? போவதானால் எந்தக் கம்பனியின் திருகு, என்ன அளவு என்று எழுதி வாங்கி வாருங்கள். இங்கே திருத்தப் போகிறவருக்கு அது இல்லாமல் கை வைப்பது கஷ்டம்.

கடைசியாகப் பற்றுச்சீட்டு. கிளினிக் மெஷினில் வரும் வழவழப்பான துண்டு எங்கள் வெயிலில், பேர்ஸுக்குள் இருந்தே வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து, போட்டோகொப்பியும் ஒன்று போட்டு வையுங்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு காப்புறுதியில் இருந்தால், ஒன்று தந்தது போக மிச்சத்தை மற்றதில் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். முடியுமென்றால் மூலப்பிரதி முதலாவது காப்புறுதிக்குப் போக முன்னரே உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்து வைத்து, அவர்கள் காசு தந்த பிறகு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.