சர்வர் எழுந்திருக்க இவ்வளவு நேரமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவா சர்வர் ஒன்று ரீஸ்டார்ட் ஆக நாலு நிமிடம் எடுக்கிறது என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம் டிக்கெட் போட்டிருந்தார். கூடவே தான் செய்து பார்த்தவற்றையும் எழுதியிருந்தார். ஹீப்பை (ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரியை) 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினாராம், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ப்ரோப் தொடங்கும் முன் விடும் தாமதத்தை 60 நொடியிலிருந்து 300 ஆக்கினாராம், ஒன்றும் நடக்கவில்லையாம். எங்கள் செட்டில் எல்லோரும் ஒரு காலத்தில் வரிசை மாறாமல் செய்த அதே வேலைகள். சரி, எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன். டீபக் லாக்கை அணைக்க மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே கண்ணில் படும்.

காரணம் பார்க்காமல் மெமரியைக் கூட்டுவது

ஸ்டார்ட்-அப் இழுத்தால் சர்வர் ஏதோ கடுமையாக உழைக்கிறது என்றுதான் தோன்றும். நான் பார்த்த பெரும்பாலான கேஸ்களில் அது சும்மா காத்துக்கொண்டிருந்தது. சிபியு சும்மா கிடக்கும்போது ஹீப்பைக் கூட்டி என்ன ஆகப்போகிறது?

சர்வர் எழுந்துகொண்டிருக்கும்போதே, சில நொடி இடைவெளி விட்டு மூன்று த்ரெட் டம்ப் (அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். ஜாவா கருவித் தொகுப்பான ஜேடிகேயோடு வரும் ஜேஸ்டாக் போதும். கன்டெய்னரில் அது இல்லையென்றால் ப்ராசஸுக்கு கில் 3 சிக்னல் அனுப்புங்கள். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் சாகாது, டம்ப் லாகிலேயே வந்து விழும். மூன்றிலும் மெயின் த்ரெட் ஒரே வரியில் நின்றால் சிக்கல் அங்கேதான். இதில் ஒரு கண்ணி உண்டு. நெட்வொர்க் பதிலுக்காகக் காத்திருக்கும் த்ரெட்டையும் ஜேவிஎம் 'ரன்னபிள்' என்றே காட்டும். அதைப் பார்த்ததும் "ஓடிட்டுத்தான் இருக்கு" என்று டம்பை மூடிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதன் கீழ் வரியைப் படியுங்கள். சாக்கெட் ரீட் என்று இருந்தால் சர்வர் வேறு யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது.

யாருக்காக? பழைய லினக்ஸ் என்றால் முதல் சந்தேகம் ரேண்டம் எண். ஜாவா வெப் சர்வரான டாம்கேட் செஷன் ஐடிக்கு ரேண்டம் எண் கேட்கும். கர்னலிடம் என்ட்ரபி (ரேண்டம் எண் உருவாக்கத் தேவையான, கணிக்க முடியாத தகவல்) தீர்ந்திருந்தால், அந்த எண்ணைத் தரும் 'டெவ் ரேண்டம்' பதில் சொல்லாமல் நிறுத்தி வைக்கும். விசைப்பலகையோ மவுஸோ இல்லாத விர்ச்சுவல் மெஷினில் இது நிமிடக்கணக்கில் போகும். எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று டாம்கேட்டே லாகில் எழுதுகிறது, படிக்கத்தான் ஆளில்லை. 2020-ல் வந்த லினக்ஸ் 5.6-க்குப் பிறகு, மெஷின் பூட் ஆன ஆரம்பத்தைத் தவிர, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 3.10 கர்னலோடு சென்டோஸ் 7 இன்னும் எத்தனையோ இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். சர்வர் தன் சொந்த ஹோஸ்ட்நேமையே தேடும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அது இல்லையென்றால் டிஎன்எஸ்ஸிடம் போகும். பதில் வராவிட்டால் லினக்ஸ் வழக்கமாக 5 நொடி காத்திருந்து மறுபடி கேட்கும். தாமதம் 5, 10, 20 என்று 5-ன் மடங்குகளில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். அந்த டிக்கெட்டும் இந்த வகைதான். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தோம், ஹீப்பைப் பழையபடி 4 ஆக்கினோம்.

மூன்றாவது, எக்ஸ்எம்எல் ஃபைலின் தலையில் இருக்கும் டிடிடி (அந்த ஃபைலின் அமைப்பு விதிகள்) முகவரி. பார்சர் அதை நிஜமாகவே இணையத்தில் போய் எடுக்கப் பார்க்கும். தன் தளத்திலுள்ள டிடிடிகளையும் அது போன்ற ஃபைல்களையும் கேட்டு நாளொன்றுக்கு 13 கோடி வரை கோரிக்கைகள் வருவதாக வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு 2008-லேயே புலம்பியிருக்கிறது. ஃபயர்வாலுக்குள் இருக்கும் சர்வரோ வெளியே போகவும் முடியாமல், மறுப்பும் கிடைக்காமல், டைம்-அவுட் வரை அப்படியே நிற்கும். டிடிடியை லோக்கலாக வைத்துக்கொள்ளுங்கள்.

லைவ்னெஸ் ப்ரோபில் டேட்டாபேஸைக் கோர்ப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது.

கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின் லைவ்னெஸ் ப்ரோபுக்கு ஒரே வேலை: இந்த ப்ராசஸைக் கொன்று மறுபடி கிளப்ப வேண்டுமா என்று தெரிந்துகொள்வது. டேட்டாபேஸ் விழுந்து கிடக்கும்போது ஆப்பைக் கொல்வதால் டேட்டாபேஸ் எழுந்துவிடாது. இருந்தும் ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டின் பொதுவான ஹெல்த் முகவரியை எடுத்து அப்படியே லைவ்னெஸில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த முகவரி, கேட்காமலேயே, டேட்டாபேஸையும் சேர்த்துச் சோதிக்கும்.

ஒரு வாடிக்கையாளரிடம் நடந்தது இது. இரவில் டேட்டாபேஸ் ஃபெயில்ஓவர் ஆனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மாற்று மெஷின் வேலையை எடுத்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவே தேவையில்லாத சம்பவம். ஆனால் அந்த இடைவெளியில் ஹெல்த் முகவரிக்கு வந்த ஒவ்வொரு கேள்வியும் கனெக்ஷனுக்காகக் காத்து நின்றது. டேட்டாபேஸ் கனெக்ஷன்களைப் பங்கிட்டுத் தரும் ஹிகாரி பூல் ஒரு கனெக்ஷனுக்கு வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். ப்ரோப் காத்திருப்பதோ 1 நொடி. 10 நொடிக்கு ஒரு ப்ரோப், மூன்று முறை தவறினால் கொலை. அரை நிமிடத்தில் எல்லா பாட்களையும் (ஆப்பின் ஒவ்வொரு பிரதியும் ஒரு பாட்), நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றையும் சேர்த்து, குபர்னெட்டிஸ் ஒரே நேரத்தில் வீழ்த்திவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஸ்டார்ட்-அப்பின் மெதுவேகம் கழுத்தை நெரித்தது இங்கேதான். டெவலப்பர்கள் சொல்லியிருந்த கணக்கு 20 நொடி. அது எட்டு கோர் மடிக்கணினியில் அளந்தது. பாடுக்குக் கொடுத்திருந்த சிபியு லிமிட் அரை கோர். அதாவது ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் 50 மட்டும். கிளாஸ் லோடிங், ஜேஐடி கம்பைல், கார்பேஜ் கலெக்ஷன் எல்லாம் அந்த ஐம்பதைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் 70 நொடியில் எப்படியோ தப்பித்துவிடும். அன்று எல்லா பாட்களும் ஒன்றாகக் கிளம்பி, டேபிள் அமைப்பைத் திருத்தும் ஃபிளைவேயின், ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நின்று, ஒரே டேபிளை ஒரே நேரத்தில் கேஷில் ஏற்றப் பார்த்தன. 90 நொடி தாண்டியது. எழுந்து முடிப்பதற்குள் லைவ்னெஸ் மறுபடி வெட்டியது. அப்புறம் பேக்-ஆஃப், அதாவது மறுபடி கிளப்பும் முன் விடும் இடைவெளி: 10 நொடி, 20, 40 என்று இரட்டித்து 5 நிமிடம் வரை போகும். டேட்டாபேஸ் நலமாக இருக்கிறது, பாட்கள் தண்டனைக் காலம் முடியக் காத்திருக்கின்றன. சேவை திரும்ப முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மறுநாள் மீட்டிங்கில் வந்த தீர்வு என்ன தெரியுமா? "இனிஷியல் டிலேயை 300 வச்சிடலாம்ணா." லைவ்னெஸில் மட்டுமல்ல, காப்பி அடித்து, பாடுக்கு ட்ராஃபிக் அனுப்பலாமா என்று பார்க்கும் ரெடினெஸிலும். 70 நொடியில் தயாராகும் பாட் மீதி நேரமெல்லாம் ட்ராஃபிக் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். பாட்களைப் படிப்படியாக மாற்றும் ரோலிங் டிப்ளாய்மென்ட் விடிய விடிய நடக்கும்.

செய்ய வேண்டியதற்கு எப்போதோ வழி வந்துவிட்டது. ஸ்பிரிங் பூட் 2.3 முதல் லைவ்னெஸுக்கும் ரெடினெஸுக்கும் தனித்தனி முகவரி உண்டு. அந்த லைவ்னெஸில் டேட்டாபேஸ் கிடையாது, நீங்களாகச் சேர்க்காதவரை. குபர்னெட்டிஸ் 1.20-ல் ஸ்டார்ட்-அப் ப்ரோப் நிலையான வசதியானது. 10 நொடிக்கு ஒருமுறை, 30 தவறு வரை என்று வைத்தால் 5 நிமிடம் அவகாசம். ஆனால் 40 நொடியில் எழுந்துவிட்டால் 40 நொடியிலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அதுவரை மற்ற இரண்டு ப்ரோப்களும் வாயைத் திறக்காது. கூடவே சிபியு லிமிட்டையும் பாருங்கள். ஸ்டார்ட்-அப்பில் ஜாவாவுக்குப் பசி அதிகம், அரை கோரில் அடங்காது.

லேசி இனிஷியலைசேஷனை புரொடக்‌ஷனில் போடுவது

ஆப்பின் பாகங்களைக் கிளம்பும்போதே உருவாக்காமல், தேவைப்படும்போது உருவாக்குவதுதான் இது. ஸ்பிரிங் பூட் 2.2-லிருந்து ஒரே வரியில் இதைப் போடலாம். ஸ்டார்ட்-அப் சட்டென்று குறையும், மேனேஜர் பாராட்டுவார். வேலை எங்கேயும் போய்விடவில்லை, முதலில் வரும் பயனரின் தலைக்கு மாறியிருக்கிறது. அதைவிட மோசம், கான்ஃபிக் தப்பாக இருந்தால் டிப்ளாய் செய்யும்போதே விழ வேண்டிய சர்வர், யாரோ அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது விழும். டெவலப்பர் மெஷினில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்-அப்பில் டேட்டாபேஸ் லைப்ரரியான ஹைபர்னேட்டை வைத்து ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) திருத்துவது

புரொடக்‌ஷனில் வேண்டாம்.

ஜார் ஸ்கேனிங் வரியைக் கண்டுகொள்ளாமல் விடுவது

ஜார்களை (ஜாவா கோட் பொதிகளை) துழாவினேன், டிஎல்டி (ஜேஎஸ்பி டேக் விளக்க ஃபைல்) எதுவும் இல்லை, தேவையில்லாதவற்றைத் தவிர்த்தால் சீக்கிரம் எழுவேன் என்று டாம்கேட் தானே சொல்கிறது. கேளுங்கள்.

சிடிஎஸ் போட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பது

கிளாஸ்களை முன்கூட்டியே பதப்படுத்தி ஒரு ஆர்க்கைவில் வைத்துக்கொள்வதுதான் சிடிஎஸ். ஜேடிகே 13-லிருந்து ஆப் முடியும்போதே அதன் கிளாஸ்களை ஆர்க்கைவாக எழுதிவைக்கலாம். 19-ல் அது தானாகவே நடக்க வழி வந்தது. இவ்வளவு குறைந்த செலவில் வேகம் தரும் வேறு வழி எனக்குத் தெரியாது. ஆனால் ஜேடிகே பில்டோ கிளாஸ்பாத்தோ மாறிவிட்டால் ஜேவிஎம் பெரும்பாலும் சத்தம் போடாமல் ஆர்க்கைவை ஒதுக்கிவிட்டுப் பழைய வழியிலேயே எழும். ஸ்பிரிங் பூட்டின் ஒற்றை ஜாரை அப்படியே ஓட்டினால் உள்ளே பொதிந்த ஜார்களின் கிளாஸ்களுக்குப் பலன் இருக்காது. முதலில் பிரித்துப் போட வேண்டும், 3.3-லிருந்து அதற்கென்றே வசதி இருக்கிறது. எல்லாம் செய்த பிறகு கிளாஸ் லோட் லாகை ஒருமுறை ஓடவிடுங்கள். உங்கள் சொந்தக் கிளாஸ்களுக்கு எதிரே 'ஷேர்டு ஆப்ஜெக்ட்ஸ் ஃபைல்' என்று வந்தால் ஆர்க்கைவ் வேலை செய்கிறது. ஜாரின் பாதை வந்தால் இல்லை.