டிரான்ஸ்மிட்டர் அவுட்புட் வயரிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழுத்தம், வெப்பநிலை, மட்டம் என்று எதை அளந்து மின் சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டராக இருந்தாலும் சரி, அவுட்புட்டில் வயரைப் பொருத்துவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: இந்த லூப்புக்கு, அதாவது சிக்னல் கரண்ட் ஓடும் சுற்றுக்கு, 24 வோல்ட் கொடுப்பது யார்? நான் பார்த்த வயரிங் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் லூப்புக்கு மின்சாரம் கொடுக்காது. வெளியிலிருந்து வரும் சப்ளையிலேயே தானும் இயங்கி, லூப்பில் ஓடும் கரண்ட்டை 4 (குறைந்தபட்ச அளவு) முதல் 20 (அதிகபட்ச அளவு) மில்லியாம்பியருக்குள் கட்டுப்படுத்தும். நான்கு வயர் வகைக்குத் தனி சப்ளை உண்டு. பல மாடல்களில் அதுவே லூப்புக்கும் மின்சாரம் தரும். இதைத்தான் ஆக்டிவ் அவுட்புட் என்கிறோம். எதிர்முனையில் பி.எல்.சி.யின் (ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினியின்) சிக்னலை வாங்கும் அனலாக் இன்புட் கார்டும் லூப்புக்கு சப்ளை தருவதாக இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். ரீடிங் தாறுமாறாகும், கார்டே கெட்டுப்போகலாம். இரண்டு பக்கமும் பாசிவ், அதாவது சப்ளை தராதவை என்றால் கரண்ட்டே ஓடாது. உடனே டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது என்று புதிதாக ஒன்றை மாட்டுவார்கள், அதுவும் வேலை செய்யாது. நான்கு வயர் என்றாலே ஆக்டிவ்தான் என்றும் நினைக்க வேண்டாம். சில மாடல்களில் ஆக்டிவ், பாசிவ் இரண்டுக்கும் தனித்தனி டெர்மினல் இருக்கும். கையேட்டில் உள்ள வயரிங் படத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

அடுத்தது, லூப்பில் உள்ள மொத்த ரெசிஸ்டன்ஸைக் கணக்குப் பார்க்காமல் விடுவது. சப்ளை 24 வோல்ட், டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்றால் மீதி 12 வோல்ட். 20 மில்லியாம்பியரில் அது 600 ஓமுக்குத்தான் போதும். சிக்னலை வோல்டேஜாகப் படிக்க லூப்பில் வைக்கும் 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றே அந்த 12 வோல்ட்டில் 5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மொத்தம் 600 ஓமைத் தாண்டினால் 4 மில்லியாம்பியரில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். மேலே போகும்போது சிக்னல் ஓரிடத்தில் நின்றுவிடும். தொட்டி நிரம்பி வழியும் நேரத்தில் மட்டம் 80 சதவீதம் என்று காட்டினால் என்ன ஆகும்? அதனால் சோதிக்கும்போது 20 மில்லியாம்பியர் வரை ஓட்டிப் பாருங்கள்.

சிக்னல் கேபிளின் ஷீல்டை (வயர்களைச் சுற்றியுள்ள உலோக உறையை) இரு முனையிலும் எர்த் செய்வது பரவலான பழக்கம். இரண்டு இடங்களின் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் ஷீல்டு வழியே கரண்ட் ஓடி, சிக்னலில் இரைச்சல் கலக்கும். வழக்கமாக பேனல் பக்கம் மட்டும் எர்த் போதும். மறுமுனையை வெட்டி இன்சுலேட் செய்துவிடுங்கள். மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் சிக்னல் கேபிளைப் போடவும் கூடாது.

அப்புறம் மீட்டர். மில்லியாம்பியர் ரேஞ்சில் வைத்த மீட்டரை லூப்பில் சீரீஸாகத்தான் இணைக்க வேண்டும். சப்ளையின் இரு முனைகளுக்குக் குறுக்கே வைத்தால் அது ஷார்ட் சர்க்யூட். ஓடிக்கொண்டிருக்கும் லூப்பில் மீட்டரைச் சேர்க்க வயரைக் கழற்றும் நொடியில் சிக்னல் பூஜ்யமாகிவிடும். கன்ட்ரோலர் அதை மட்டம் இறங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு வால்வை முழுதாகத் திறக்கக்கூடும். ஆகவே முதலில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்கள். அவர்கள் லூப்பை மேனுவலுக்கு மாற்றி, அந்த சிக்னலோடு டிரிப் (இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு) எதுவும் இணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகு வயரில் கை வையுங்கள். எரியும் வாயு சூழக்கூடிய இடமென்றால், அனுமதிச் சீட்டு இல்லாமல் மூடியைத் திறக்கவும் வேண்டாம், சாதாரண மீட்டரை உள்ளே கொண்டுபோகவும் வேண்டாம்.