விசா இல்லாமல் பிரான்ஸில்: கேஸைக் கெடுக்கிற தவறுகள்

பாரிஸில் நம் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் போனால் அகதிக் கேஸ் பற்றி ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை வாங்காவிட்டால் ரிஜெக்ட் செல்லாது என்பார் ஒருவர். பதினெட்டு மாதம் ஒளிந்திருந்தால் டப்ளின், அதாவது முதலில் நுழைந்த ஐரோப்பிய நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் விதி, உடைந்துவிடும் என்பார் இன்னொருவர். வெளியேறச் சொன்ன உத்தரவு ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும் என்பார் மூன்றாமவர். யாரும் கெடுக்க நினைத்துச் சொல்வதில்லை. பத்து வருடத்துக்கு முன் தங்களுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டு நடந்தவர்களின் கோப்புகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உண்மையிலேயே பாதுகாப்புத் தேவைப்படுகிறவர்கள், வலுவான காரணம் உள்ளவர்கள், ஒரு தபாலாலும் ஒரு தேதியாலும் யாரோ எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தாலும் விழுந்துபோகிறார்கள்.

சட்டம் கடுமையானதுதான், ஐரோப்பா முழுக்க இன்னும் இறுகிக்கொண்டே வருகிறது. அதைத் தனி ஆளால் மாற்ற முடியாது. ஆனால் கேஸை உங்கள் வாயிலும் உங்கள் கையிலும் உங்கள் பெயரிலும் வைத்திருக்க முடியும். பெரும்பாலான சேதம் அது கைமாறிய இடத்தில்தான் நடக்கிறது.

முதலில் கைமாறுவது கதை. பிரெபெக்சரில் (வெளிநாட்டவர் விஷயங்களைப் பார்க்கிற மாவட்ட அரசு அலுவலகம்) கைரேகை எடுத்து, தஞ்சம் கேட்டவர் என்ற அத்தாட்சியைக் கொடுத்த பிறகு, தஞ்சக் கேஸை முடிவு செய்கிற ஒஃப்ரா அலுவலகத்தின் படிவத்தை நிரப்பி அனுப்ப 21 நாள்தான். எல்லாம் பிரெஞ்சில் இருக்கவேண்டும். மொழி தெரியாது, படுக்க இடமில்லை, நாள் ஓடுகிறது. அந்தப் பதற்றத்தில்தான் காசு வாங்கிக்கொண்டு கேஸ் எழுதிக் கொடுக்கிறவரிடம் போகிறார்கள். அவரிடம் நாலைந்து அச்சுகள் இருக்கும். அண்ணன் இயக்கத்தில் இருந்தார், வெள்ளை வான் வந்தது, முகாமில் அடித்தார்கள், காசு கொடுத்து வெளியே வந்தேன். இவையெல்லாம் நம் ஊரில் எத்தனையோ பேருக்கு உண்மையாகவே நடந்தவை. ஆனால் ஒரே வரிசையில், ஒரே சொற்களில், நூறு கோப்புகளில் வந்தால் உண்மையாக நடந்தவருக்கும் அது பொய்யாகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்தவர். கூட்டத்தில் தகப்பனின் கை விட்டுப்போன இடம், தன் தோளில் இருந்த பையின் நிறம், ஓமந்தையில் பதிந்தபோது தன் பெயரைத் தப்பாக எழுதிய சிப்பாய், எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. கேஸ் எழுதியவர் "இது பழைய கதை, எடுபடாது" என்று வெட்டிவிட்டு 2016-இல் ஒரு கடத்தலைச் சேர்த்தார். நேர்காணலில் அந்தக் கடத்தலைப் பற்றித்தான் கேட்டார்கள். வானில் எத்தனை பேர், எந்த மொழியில் பேசினார்கள், அந்த நேரம் வீட்டில் யார் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் தேதியைத் தவிர வேறு பதில் இல்லை. வட்டுவாகல் பற்றி யாரும் கேட்கவே இல்லை, ஏனென்றால் அது கோப்பிலேயே இல்லை.

ஃபொந்த்னே-சூ-புவாவில் ஒஃப்ரா அலுவலகத்தில் உங்களைக் கேள்வி கேட்கிறவர், உங்களுக்கு முன்பே நிறைய இலங்கைக் கோப்புகளைப் பார்த்திருப்பார். தேதி மனப்பாடமாக வருகிறதா என்று அவர் பார்ப்பதில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்களா என்றுதான் பார்க்கிறார்.

அதனால் முதலில் தமிழில் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், அல்லது கொப்பியில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். அப்புறம் மொழிபெயர்க்கக் கொடுங்கள். பிரெஞ்சில் எழுதியதை வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல மறுத்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். அனுப்புமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லலாம். நல்லூர்த் திருவிழா நேரம், மாரி மழை தொடங்கின காலம் என்றாலும் அது பதில்தான். நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே சொல்லவேண்டும். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து புலம்பினால், பதிவில் இருப்பது தலையாட்டல் மட்டும்தான்.

ஊரில் இருந்து எடுப்பிக்கிற கடிதங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.பி., சமாதான நீதவான், பாதர் என்று எல்லோரிடமும் கடிதம் வாங்கி அடுக்குகிறார்கள். கேட்டால் கிடைக்கிற கடிதம் என்று அதிகாரிகளுக்குத் தெரியும், அதனால் பெரிய மதிப்பு இல்லை. பழைய ஐ.சி.ஆர்.சி. (செஞ்சிலுவை) அட்டை, மனித உரிமை ஆணைக்குழுவில் முறையிட்ட ரசீது, தழும்புகளைப் பற்றி இங்கே டாக்டர் கொடுத்த அறிக்கை, இவை ஒவ்வொன்றும் அந்தக் கட்டுக் கடிதங்களைவிடக் கனமானவை.

இரண்டாவது, தபால். இதில் விழுகிறவர்களைப் பார்த்தால்தான் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் இதற்குக் கதையும் வேண்டாம், மொழியும் வேண்டாம். பாரிஸ் புறநகரில் லா கூர்னேவிலோ சார்செலிலோ ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருப்பார்கள். தபால் பெட்டியில் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் இருக்கும். பதிவுத் தபாலோடு வருகிறவர் உங்கள் பெயரைக் காணாமல் திருப்பிக் கொண்டுபோவார். பெயர் இருந்தாலும், ஆள் வேலைக்குப் போயிருந்தால் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவார். பீட்சா விளம்பரங்களோடு அதையும் சேர்த்து யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள். கடிதம் தபால் நிலையத்தில் 15 நாள் இருக்கும், பிறகு திரும்பிப் போய்விடும். நீங்கள் வாங்கவில்லை என்பதால் சட்டம் காத்திருக்காது.

இப்போது ஒஃப்ரா தன் முடிவுகளை இணையக் கணக்கிலும் போடுகிறது. போட்டு 15 நாளுக்குள் திறந்து பார்க்காவிட்டாலும் நீங்கள் பார்த்ததாகவே கணக்கு. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் யார், கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கேஸ் எழுதினவரின் போன் நம்பரில் கணக்கு இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ரிஜெக்ட் கிடைத்ததும் இரண்டு கடிகாரம் ஓடத் தொடங்கும். இலவச வக்கீல் கேட்க 15 நாள். மொந்த்ரயில் இருக்கிற தஞ்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போட ஒரு மாதம். இந்த நீதிமன்றத்தில் வக்கீல் உதவி உங்கள் வருமானத்தைப் பார்க்காமலே கிடைக்கும், ஆனால் கேட்கவேண்டும். கேட்ட நாளில் அப்பீல் கடிகாரம் நிற்கும். வக்கீலை நியமித்து அறிவித்ததும் மிச்ச நாள் மட்டும் ஓடும், புதிதாக ஒரு மாதம் கிடைக்காது. பத்தாம் நாள் கேட்டிருந்தால் கையில் இருப்பது சுமார் இருபது நாள். இலவச வக்கீல் சரியில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடன் வாங்கித் தனி வக்கீல் தேடி, அதற்குள் மாதம் முடிந்த கோப்புகள் உண்டு. கடித உறையையும் எறியாதீர்கள். எந்த நாளில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

டப்ளின் விஷயம். ஏஜென்சிக்காரர் இத்தாலி விசாவில் கூட்டி வந்திருந்தால், அல்லது வழியில் எங்காவது கைரேகை எடுத்திருந்தால், பிரான்ஸ் உங்கள் கேஸைக் கேட்காமல் அந்த நாட்டுக்கு அனுப்பப் பார்க்கும். அந்த நாடு ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 6 மாதம் அதற்குக் காலம். கூப்பிட்ட இடத்துக்குப் போகாவிட்டால் "தப்பி ஓடியவர்" என்று எழுதி 18 மாதமாக நீட்டுவார்கள். அந்த 18 மாதமும் குடியேற்ற அலுவலகமான ஒஃபி கொடுக்கிற உதவிப் பணமும் இடமும் போய்விடலாம். 2024-இல் நிறைவேறிய, குடியேற்றமும் தஞ்சமும் பற்றிய ஐரோப்பிய ஒப்பந்தத்தின் புதிய விதிகளில் அது 3 வருடம். ஒளிவது இனி ஒரு வழியே இல்லை. அனுப்பும் முடிவுக்கு எதிராக 7 நாளுக்குள் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த நாட்டில் தெருவில் கிடந்தது, அடி வாங்கியது, இங்கே இருக்கிற குடும்பம், நோய், எல்லாவற்றையும் அங்கேதான் சொல்லவேண்டும்.

கேஸ் முடிந்து வெளியேற்ற உத்தரவு, அதாவது ஓ.க்யூ.டி.எஃப்., கையில் வந்தவர்கள் அதை மடித்து மெத்தைக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அது ஒரு வருடத்துக்குத்தான் பலமாக இருந்தது. 2024 ஜனவரி 26 குடியேற்றச் சட்டம் அதை 3 வருடமாக்கிவிட்டது. அந்த மூன்று வருடமும் ரயில் நிலையத்தில் ஒரு சோதனை போதும், தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோக. எதிர்த்துப் போகப் பொதுவாக ஒரு மாதம், வீட்டுக் கண்காணிப்பில் வைத்திருந்தால் 7 நாள். கடிதத்தின் பின்பக்கத்தையும் யாரையாவது கொண்டு வாசிப்பியுங்கள்.

மூன்றாவது, பெயர். ரெஸ்டோரன்ட் சமையலறையில் இன்னொருவரின் காட் (வதிவிட அட்டை) காட்டி அவர் பெயரில் வேலை செய்கிறவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். வேலை செய்ய விடாமல் வைத்துவிட்டு, உழைத்த ஆதாரத்தைக் கொண்டு வா என்று கேட்கிற அரசைத்தான் சொல்வேன். ஆனால் இதன் விளைவைத் தெரிந்து செய்யவேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களில் விசா, அதாவது வதிவிட அனுமதி, கொடுக்க 2024 சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 3 வருடம் இங்கே இருந்திருக்கவேண்டும், கடைசி 24 மாதத்தில் 12 மாதம் வேலை செய்த சம்பளத் துண்டுகள் வேண்டும். வேறு பெயரில் உள்ள துண்டுகள் அந்தப் பெயருக்குரியவரின் ஓய்வூதியத்தில் போய்ச் சேரும். உங்களுக்கு எஞ்சுவது அடையாள மோசடி வழக்கு, காட் கொடுத்தவருக்கும் சேர்த்து.

சாதாரண வழியில் விசா கேட்பவர்கள் ஏழு வருடம் இருந்ததைக் காட்டவேண்டும் என்று 2025 ஜனவரி சுற்றறிக்கை பிரெபெக்சர்களுக்குச் சொல்கிறது. ஏழு வருடத்தைச் சொல்லிக் காட்ட முடியாது, காகிதத்தால்தான் காட்டமுடியும். விசா இல்லாவிட்டாலும் வரிப் படிவம் போடலாம், போடுங்கள். ஆ.எம்.ஏ. மருத்துவ அட்டை, டாக்டர் சீட்டு, பெயரோடு உள்ள நவிகோ பயண பாஸ், ஊருக்குக் காசு அனுப்பிய ரசீது, எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு கோப்பில் மாத வரிசையில் வையுங்கள்.

பிரெபெக்சரில் நேரம் கிடைக்காமல் காட் காலாவதியாகிறவர்கள் தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள். வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்கிற அரசு இணையதளம் பெருமளவில் ஆட்களின் உரிமையைப் பறிக்கிறது என்று பிரான்ஸின் உரிமைப் பாதுகாவலர் அலுவலகமே 2024 டிசம்பரில் அறிக்கை எழுதியிருக்கிறது. முயன்ற ஒவ்வொரு முறையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீதிபதி முன் அவை பயன்படும்.

பிரான்ஸுக்கு வந்து 90 நாளுக்குள் தஞ்சம் கேட்கத் தவறினால் கோப்பு துரித நடைமுறைக்குப் போகும். படிவத்தில் மனைவி பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டால் பிறகு அவர்களைக் கூப்பிடும்போது ஒஃப்ரா நம்பாது. அகதி விசா கிடைத்தபின் இலங்கைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுத்தால் அந்த விசாவே பறிபோகலாம். மேலே சொன்ன நாள் கணக்குகளையும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள், ஏனென்றால் புதிய ஐரோப்பிய விதிகள் 2026 ஜூன் 12 முதல் அமலாகின்றன. குடியேறிகளுக்குச் சட்ட உதவி செய்கிற சிமாத், ஜிஸ்தி போன்ற அமைப்புகளிடம் கேட்கக் காசு தேவையில்லை.

பிடித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டால் கணக்கு மணி நேரத்தில். உத்தரவை எதிர்க்க 48 மணி நேரம், தஞ்சம் கேட்க 5 நாள். 90 நாள் வரை வைத்திருக்கலாம். விளங்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். முகாமுக்குள்ளேயே சட்ட உதவி அமைப்பின் அறை ஒன்று இருக்கும், போன அன்றைக்கே அங்கே போய்ப் பெயரைக் கொடுங்கள். வெளியே இருக்கிற ஒரு நண்பரிடம் உங்கள் முழுக் கோப்பின் பிரதி முன்பே இருந்தால், அன்று இரவே வக்கீலுக்கு அனுப்பிவிடலாம்.