இடது பக்கம் மட்டும் அடங்கிப்போனது ஏன்?

என் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் ஒரு நாள் இடது பக்கச் சத்தம் நின்றுபோனது. வால்யூமைக் கூட்டினால் படாரென்று திரும்பி வரும். குறைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கரகரத்து, மங்கி, அடங்கிவிடும்.

ஆஃப் செய்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன். இப்போது வலது ஸ்பீக்கர் ஊமை. சரி, குறை ஆம்ப்ளிஃபையருக்குள்தான்.

ஆன் செய்த சில விநாடிகளில் உள்ளே ‘டிக்’ என்று கேட்குமே, அதுதான் ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலே, அதாவது மின்சாரத்தால் தானாகத் திறந்து மூடும் ஒரு சுவிட்ச். வருடக்கணக்கில் அதற்குள் ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள் கறுத்துவிட்டால் மெல்லிய சிக்னல் தாண்டாது. பலமானதுதான் உடைத்துக்கொண்டு போகும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகங்களான பெரிய கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். மல்டிமீட்டரில் வோல்ட் பூஜ்யத்தை நெருங்கும்வரை காத்திருந்தேன். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், மிளகளவு முனைகளில் கரி படிந்ததுபோல் ஒரு கறுப்பு. தடித்த வெள்ளைக் காகிதத்தை ஒல்லியாக வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே விட்டு, விரலால் லேசாக அழுத்தியபடி இழுத்தேன். முதல் காகிதத்தில் கருங்கோடு விழுந்தது. ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது. உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும், வேண்டாம்.

அப்புறம் வால்யூம் குமிழுக்குள் கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது தடவை திருப்பினேன்.

அன்று இரவு மிகக் குறைந்த சத்தத்தில் வெகுநேரம் கேட்டேன். இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் வந்தது. ரிலேயை இயக்கும் கம்பிச்சுருள் (coil) இதைப்போலவே 24 வோல்ட்டாக உள்ள புது ரிலே ஒன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.