பள்ளியும் பக்கத்தில், தண்ணீரும் பக்கத்தில்: வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு செய்முறை

ஏரியோ கடலோ ஆறோ, கண்ணுக்கு எதிரே தண்ணீர் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசையையும் வைத்துக்கொண்டு வீடு தேடினால் எங்கே முட்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு நடுவில் இருக்கும் வீட்டைச் சுற்றி 2 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால், உள்ளே சுமார் 12.5 சதுர கிலோமீட்டர் நிலம் இருக்கும். கடலோரத்திலோ பெரிய ஏரிக்கரையிலோ இருக்கும் வீட்டுக்கு அதே வட்டத்தைப் போட்டால் பாதி தண்ணீர். அந்தப் பாதியில் பள்ளி இல்லை, சாலை இல்லை, கூடச் சேர்ந்து வேனில் போகப் பிள்ளைகளும் இல்லை. கரை வீட்டுக்காரர்களுக்குத் தேர்ந்தெடுக்கப் பள்ளிகள் குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான்.

கடன் வாங்குவது, பத்திரம் சரிபார்ப்பது, பேரம் பேசுவது எதையும் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

படி 1: வீட்டுப் பட்டியலை மூடிவையுங்கள், பள்ளிப் பட்டியலைத் திறங்கள்

வீட்டுப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தால் முடிந்தது கதை. மாடியிலிருந்து தண்ணீர் தெரியும் ஒரு படம் போதும், அடுத்த நாளே "அந்தப் பள்ளியும் பரவாயில்லை போலத்தான் இருக்கு" என்று மனசு பேச ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் மூன்று நான்கு பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். தேர்ச்சி விழுக்காட்டுக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை. ஆசிரியர்கள் எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு வரை இருக்கிறது, நம் பிள்ளை சேர வேண்டிய வகுப்பில் இடம் காலியாகுமா என்று கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு முடிகிற பள்ளியை நம்பி வீடு வாங்கினால், சில வருடங்களில் இதே தேடலை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

கடைக்குட்டி எந்த ஆண்டு பள்ளியை முடிக்கும் என்றும் ஒரு தாளில் எழுதுங்கள். இந்தக் கணக்கு முழுவதற்கும் கால எல்லை அதுதான். படி 3-இல் மறுபடி தேவைப்படும்.

பிறகு சேர்க்கை விதி. இது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் விண்ணப்பங்கள் அதிகமாகிவிட்டால், பல அரசுப் பள்ளிகள் வீட்டின் தூரத்தை வைத்து இடம் தருகின்றன; கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் தூரம் ஒவ்வோர் ஆண்டும் மாறும். அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் எல்லைக் கோடு உண்டு. அந்தக் கோட்டை மாற்றியும் வரைவார்கள். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகளில், 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு 1 கி.மீ., 6 முதல் 8 வரை 3 கி.மீ. என்பது அருகமைப் பள்ளிக்கான அளவு. மாநில விதிகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். எந்த நாடாக இருந்தாலும், வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் "பள்ளிக்கு மிக அருகில்" என்பதை வைத்துச் சேர்க்கை அலுவலகத்தில் ஒன்றும் நடக்காது. விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

படி 2: தூரம் (நிதானமாகப் படியுங்கள்)

எங்கள் தேடல் நின்றுபோன இடம் இது. வரைபடத்தில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். ஆனால் அந்த விரலுக்கு அடியில் இருந்தது தண்ணீர். பாலம் வரை போய், கடந்து, எதிர்க்கரையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். வீடு தேடும் தளங்களில் "3 கி.மீ.க்குள் பள்ளிகள்" என்று வடிகட்டினால் பல தளங்கள் நேர்கோட்டில்தான் அளக்கின்றன. நடுவில் ஏரி இருப்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தூரத்தை வைத்து இடம் தரும் பள்ளிகளில் சில நேர்கோட்டை அளக்கும், சில நடைபாதையை அளக்கும். நேர்கோடு என்றால், எதிர்க்கரை வீட்டுக்கு இடம் சுலபமாகக் கிடைத்துவிடும், பிள்ளையோ தினமும் ஏரியைச் சுற்றி வர வேண்டும். நடைபாதை என்றால், பள்ளிக் கட்டடம் ஜன்னலில் தெரிந்தாலும் இடம் கிடைக்காமல் போகலாம். ஆகவே இரண்டு தூரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்: சேர்க்கைக்கான தூரம், போய்வருவதற்கான தூரம்.

போய்வரும் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள், நிமிடத்தில் எழுதுங்கள். நான் பயன்படுத்துவது ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற வழிகாட்டும் இணையதளம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவில் ஓடுகிறது, இலவசம். ஓர் இடத்தைக் குறித்து "20 நிமிடம்" என்றால், அந்த நேரத்துக்குள் எட்டக்கூடிய பகுதியை நிறமடித்துக் காட்டும். புள்ளியைப் பள்ளியில் வையுங்கள், வீட்டில் வைக்காதீர்கள். நிறமடித்த பகுதி தண்ணீரை எங்கே தொடுகிறதோ அந்தக் கரையில் மட்டும் வீடு தேடினால் போதும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பார்க்க வேண்டிய வீடுகளில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

ஆனால் காலை நெரிசல் அந்தப் படத்தில் வராது. அதற்குக் கூகுள் மேப்ஸில் வேலைநாள் ஒன்றைத் தேர்ந்து, மணி அடிக்கும் நேரத்துக்குப் போய்ச்சேருவதாகப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டைப் பார்க்கப் போய், "பத்தே நிமிஷம்தான்" என்று தரகர் சொல்வதை நம்புவதற்கு இதுவே மாற்று.

கடைசியாகப் பாலம். வழியில் இருப்பது உயர்பாலமா, தரைப்பாலமா? தரைப்பாலம் என்றால் மழைக்காலத்தில் எத்தனை நாள் மூழ்கும் என்று அங்கே ஓட்டுகிற வேன்காரரைக் கேளுங்கள். எந்த அலுவலகத்தையும்விட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். இருப்பது ஒரே பாலம் என்றால், அதைப் பழுதுபார்க்க மூடும்போது சுற்றிப்போகும் வழி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் எழுதிவையுங்கள்.

படி 3: தண்ணீரின் ஜாதகம்

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக நகர்த்திப் பார்க்கலாம். கூடவே குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர் என்ற தளம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. 1984 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்று காட்டும். கரை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, மனைகளாகப் பிரித்த இடம் முன்பு ஏரியாக இருந்ததா என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும்.

இது கைவிடும் இடமும் உண்டு. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். ஓடையும் வாய்க்காலும் அதில் தெரியாது. ஒரே செயற்கைக்கோள் மறுபடி அதே இடத்துக்கு வர 16 நாள். மேகம் மூடிய நாளில் வந்து இரண்டே நாளில் வடிந்த வெள்ளம் பதிவாகாமலே போகும். அதனால் தளம் தண்ணீர் காட்டாவிட்டால் "வெள்ளம் வரவில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா, மின்மீட்டரை ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், கேளுங்கள்.

வெள்ள வரைபடங்களில் "நூறாண்டு வெள்ளம்" என்று ஒன்று வரும். நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் 1% வாய்ப்பு என்பதே அதன் பொருள். பிள்ளைகள் படித்து முடிக்க 15 வருடம் என்றால், அதற்குள் ஒருமுறையாவது வர 14% வாய்ப்பு. 30 வருடக் கடன் என்றால் 26%. முதல் படியில் எழுதிய தாள் இதற்குத்தான்.

உயரத்தைச் செயலியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் ஒரு பகுதி, 2000-இல் எண்டெவர் விண்கலத்தில் போன ரேடார் எடுத்தது. மரத்தலையையும் கூரையையும் அது தரையோடு கலந்து காட்டும். சில மீட்டர் பிழை சாதாரணம். வெள்ளத்துக்கோ அரை மீட்டரே பெரிய விஷயம். கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்து, வீட்டுத் தரைக்கும் சாலைக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கச் சொல்லுங்கள்.

படி 4: இரண்டாவது வரிசையைப் பாருங்கள்

என் கட்சி இதுதான், பலருக்குப் பிடிக்காது. கரையை ஒட்டிய முதல் வரிசையை விட்டுவிட்டு, ஐந்து நிமிட நடையில் தண்ணீரைத் தொடக்கூடிய தெருக்களில் தேடுங்கள். தண்ணீரிடம் நடந்து போகலாம். பள்ளிக்குக் காலை வேளையில் ஓடித்தான் ஆக வேண்டும். பின்வரிசை பெரும்பாலும் கொஞ்சம் மேடாகவும் பள்ளிக்குக் கொஞ்சம் கிட்டவும் இருக்கும். எதிரே மாடி எழும்பினால் காட்சி மறையும், அது உண்மை. ஆனால் கரைக்குப் போகும் பாதை பொதுவழியா, யாருடைய தனி மனையா என்பதுதான் முக்கியம். அதை ஆவணத்தில் பார்த்துவிடுங்கள்.

கடலோரம் என்றால் இன்னும் ஒரு காரணம் சேரும். அலை தெறிப்பில் வரும் உப்பு, கரையிலிருந்து தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். முதல் வரிசையில் ஏசி வெளியலகு, ஜன்னல் கம்பி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாமே சீக்கிரம் அரிக்கும். அங்கே கைப்பிடிக்கு 304 ரகத் துருப்பிடிக்கா எஃகைப் போடாதீர்கள். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேளுங்கள். இந்தியக் கடற்கரை என்றால் 2019-இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பையும் பாருங்கள். ஊரகப் பகுதிகளில், மக்கள் அடர்த்தியைப் பொறுத்து, உயர் அலைக் கோட்டிலிருந்து 50 அல்லது 200 மீட்டர் கட்டடம் எழுப்பத் தடையுள்ள பகுதி.

படி 5: வேலி

உலக சுகாதார அமைப்பின் கணக்கில், நீரில் மூழ்கி இறப்பது 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில்தான் அதிகம். நீச்சல் கற்றுக்கொடுப்பது நல்லது, ஆனால் அது வேலிக்கு ஈடாகாது. தானாக மூடித் தாழிடும் கதவு வேண்டும், கொண்டி குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. வேலி போட முடியாத மனை என்றால் அந்த வீடு சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு இல்லை.

படி 6: மதிப்பெண் போடாதீர்கள்

எக்செல் தாளில் பள்ளிக்கு 40, தண்ணீருக்கு 30 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அழகான காட்சிக்குக் கிடைக்கும் அதிக மதிப்பெண், 50 நிமிடப் பள்ளிப் பயணத்தை மறைத்துவிடும். மாறாக, முதலில் வெட்டு விதிகளை எழுதுங்கள்: பள்ளிக்கு 25 நிமிடத்துக்கு மேல் என்றால் வெட்டு, தெருவில் வெள்ளக் கறை இருந்தால் வெட்டு, சேர்க்கை எல்லையின் விளிம்பில் என்றால் வெட்டு. மிஞ்சுவதில் மனசுக்குப் பிடித்ததை எடுங்கள்.

பின்சேர்க்கை 1: நாற்றத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று படித்தவர்கள் கேட்டார்கள், நியாயம்தான். ஏரி நிரம்பியிருக்கும் மாதத்தில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். கோடையில் மட்டம் இறங்கிப் பாசி படர்ந்து கிடக்கும்போதும் ஒருமுறை போங்கள், காலையில் ஒன்று, இருட்டும் நேரத்தில் ஒன்று. கொசுவும் அப்போது தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை 2: வீடு மேட்டில்தான், ஆனாலும் கழிவறை வழியாகத் தண்ணீர் ஏறியது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏரி மட்டம் உயர்ந்தால் வடிகால் குழாயில் தண்ணீர் திரும்பி வரும். டியூப் லெவல் பிடிக்கும்போதே கழிவறைத் தரைக்கும் தெருச் சாக்கடையின் மூடிக்கும் உள்ள வித்தியாசத்தையும் அளந்துகொள்ளுங்கள். மூடியைவிடத் தரை தாழ்வாக இருந்தால், வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும்.

பின்சேர்க்கை 3: அமெரிக்காவில் வாங்குகிறவர்களுக்கு மட்டும். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டினாலும் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு. வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆகவே கையெழுத்துப் போடும் நாளைக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.